மேஹல் மரத்தை வெட்டிவிடாதீர்கள்

மார்ச் மாதம் உத்தராகண்டின் குமாவோன் மலைகளில் மேஹல் என்ற காட்டுப் பேரி மரத்தை யாரும் அடையாளம் காட்ட வேண்டியதில்லை. சரிவுகளில் புராம்சு என்னும் ரோடோடென்ட்ரான் மரங்கள் சிவப்பாகப் பூத்திருக்க, வயல் வரப்புகளில் இந்த முள்மரம் வெள்ளை வெளேரென்று நிற்கும். அருகில் போனால் ஒவ்வொரு பூவின் நடுவிலும் செந்நிற மகரந்தப் பைகள், சுற்றிலும் தேனீக்களின் இரைச்சல்.

அந்த மலைகளின் பழக்கன்று நாற்றங்கால்களில் பல ஆண்டுகள் வேலை செய்தவன் நான். வரப்பில் நின்ற மேஹலை உதவாத முள்மரம் என்று வெட்டிவிட்டு, அதே இடத்தில் விலை கொடுத்து வாங்கிய பேரிக் கன்றை நடுகிறவர்களை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். வாங்கிய கன்று ஒட்டுக் கட்டியது, அதன் வேரும் பெரும்பாலும் மேஹல்தான் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

மேஹல், இமயத்துக் காட்டுப் பேரி. இமாச்சலத்தில் கைந்த் என்றும் நேபாளத்தில் மயல் என்றும் சொல்வார்கள். 1825இல் டேவிட் டான் நேபாளத் தாவரங்களைப் பற்றி எழுதிய நூலில் இடம்பெற்ற பைரஸ் பாஷியா என்ற பெயரே இன்றும் இதன் அறிவியல் பெயர். இமயத்தை ஒட்டி மேற்கே ஆப்கானிஸ்தானிலிருந்து கிழக்கே யுன்னான் வரை வளர்கிறது. இளஞ்செடியின் இலைகள் மூன்று மடல்களாகப் பிளவுபட்டிருக்கும். மரமானதும் வரும் இலைகள் பிளவில்லாமல் முழுதாக இருக்கும். ஒரே மரத்தின் அடித்தளிரையும் உச்சிக் கிளையையும் பார்த்துவிட்டு இரண்டு வேறு மரங்கள் என்று வாதிட்டவர்கள் உண்டு.

காய் கோலிக்குண்டு அளவுதான் இருக்கும். பழுப்புத் தோலில் வெளிறிய புள்ளிகள் இருக்கும். பறித்தவுடன் கடித்தால் துவர்ப்பில் நாக்கு மரத்துப்போகும். கொடைக்கானல் பேரிக்காய் தின்று வளர்ந்த நான் முதல் கடியிலேயே துப்பிவிட்டேன். ஒரு பாட்டிதான் சிரித்துக்கொண்டே பொறுத்திருக்கச் சொன்னார். பனிக்காலம் தொடங்கி, காய் கறுத்து, அழுகியதோ என்று சந்தேகப்படும் அளவுக்குக் குழைந்த பிறகு தின்ன வேண்டும். அப்போது துவர்ப்பு அடங்கி இனிப்பு ஏறியிருக்கும். பல்லில் நறநறக்கும் மணல்மணியான பகுதி மட்டும் மாறாது. நாம் தின்னும் பேரிக்காயிலும் அது உண்டு. விதையை மெல்லக் கூடாது, அதில் சயனைடை வெளிவிடும் பொருள் இருக்கிறது. கண்நோய்க்கு இந்தப் பழச்சாற்றைக் கண்ணில் விடும் பழக்கம் சில ஊர்களில் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், மருத்துவரிடம் போங்கள்.

தழை ஆடுமாடுகளுக்குத் தீவனம். இறுகிய கட்டையிலிருந்து கைத்தடியும் கருவிப் பிடியும் செய்கிறார்கள். ஆனால் என் கணக்கில் இந்த மரத்தின் பெரிய கொடை அதன் வேர்தான். மெலிந்த கல்மண்ணிலும் வறட்சியிலும் அது தாக்குப்பிடிக்கும்.

விதையிலிருந்து வளர்க்க நினைத்தால், குழைந்த பழத்தைப் பிசைந்து கழுவி விதைகளை எடுங்கள். அவற்றுக்கு ஒரு குளிர்காலம் வேண்டும். ஈர மணலில் கலந்து குளிரில் ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால்தான் நன்றாக முளைக்கும். நாற்று பென்சில் கனம் வந்ததும் ஒட்டுக் கட்டலாம்.

வரப்பில் ஏற்கெனவே மரம் நிற்கிறதா? அப்படியானால் வேலை இன்னும் எளிது. ஜனவரி, பிப்ரவரியில், மொட்டு விழிக்கும் முன், மணிக்கட்டுக் கனமுள்ள கிளைகளை அறுத்து, வெட்டுமுகத்தை நடுவில் பிளந்து, நல்ல ரகத்தின் குச்சிகளை ஆப்பு வடிவில் சீவிச் செருக வேண்டும். பட்டைக்கு அடியில் ஈரமாக, இளம்பச்சையாக ஒரு மெல்லிய படலம் தெரியும். கிளையின் படலமும் குச்சியின் படலமும் தொட்டுக்கொண்டால்தான் உயிர் பிடிக்கும். நூலிழை விலகினாலும் குச்சி காய்ந்துவிடும். செருகியதும் பாலித்தீன் நாடாவால் இறுகச் சுற்றி, வெட்டுமுகத்தை மெழுகால் மூடுங்கள். வேர் முற்றியிருப்பதால் 3, 4 ஆண்டுகளில் காய்ப்புக்கு வந்துவிடும்.

கன்று வாங்குகிறவர்கள் ஒட்டுக் கட்டிய இடத்தைக் கண்ணால் பார்த்து வாங்குங்கள். நடும்போது அந்த இடம் மண்ணுக்கு மேல் ஒரு சாணாவது இருக்கட்டும். அதற்குக் கீழே முள்ளோடு கிளம்பும் தளிர்கள் மேஹலுடையவை, உடனே கிள்ளிவிடுங்கள். செழிப்பாக வருகிறதே என்று அவற்றை விட்டுவைத்து, மேலே இருந்த ஒட்டைப் பட்டினிபோட்டுக் கொன்ற தோட்டம் ஒன்றை நான் பார்த்தேன். ஆறு ஆண்டுகள் உரமும் நீரும் போட்டு அவர்கள் வளர்த்தது கோலிக்குண்டுக் காய்களை.

ஆனால் வரப்பில் நிற்கும் மரத்திலேயே ஒட்டுக் கட்டும்போது, ஒரு மேஹல் கிளையை வெட்டாமல் விடச் சொல்வேன். முதல் ஆண்டில் வேருக்கு உணவு தருவது அந்தக் கிளையின் இலைகள்தாம். பேரிக்கு அயல் மகரந்தம் வேண்டும்; பூக்கும் காலம் ஒத்துவந்தால் அதையும் அந்தக் கிளையே கொடுக்கும். நவம்பரில் அதன் பழங்களைப் பறிக்காமல் விட்டுவிடுங்கள். பறவைகள் தின்று, கீழ் வரப்பில் எங்கேயாவது அடுத்த மேஹலை விதைத்துவிட்டுப் போகும்.