நீராவிக்கு யார் முதல் போடுவது?

போர் போட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தப் பதைப்பு தெரியும். வண்டி வந்து நிற்கும், அடிக்கு இத்தனை என்று காசு ஏறிக்கொண்டே போகும், தண்ணீர் வருமா என்பது கடைசி வரை தெரியாது. அந்தக் குழாயை 3,000 மீட்டர் ஆழத்துக்கு இறக்குவதாக இப்போது நினைத்துக்கொள்ளுங்கள். தேடுவது 300 டிகிரி அளவுக்குக் காய்ந்த வெந்நீரை. ஒரு கிணற்றுக்கு ஆகும் செலவு ஐந்தாறு மில்லியன் டாலர். கென்யா இப்படி நூற்றுக்கணக்கான கிணறுகளைத் தோண்டியிருக்கிறது. இன்று அந்த நாட்டு மின்சாரத்தில் 40 சதவீதத்துக்கும் மேல் பூமியின் சூட்டிலிருந்து வருகிறது.

அந்தச் சூடு ஏன் அங்கே இருக்கிறது? கிழக்கு ஆப்பிரிக்காவில் நிலத்தட்டு மெல்ல மெல்ல இரண்டாகப் பிரிந்துகொண்டிருக்கிறது. பிரியும் இடத்தில் பூமியின் மேலோடு மெலிந்துபோக, கீழே இருக்கும் பாறைக் குழம்பு மேலே நெருங்கி வந்துவிட்டது. மேட்டு நிலங்களில் பெய்யும் மழை, பாறை வெடிப்புகள் வழியாகப் பல ஆண்டுகள் இறங்கி அந்தச் சூட்டைத் தொடுகிறது. மேலே இருக்கும் எடையால் அழுத்தம் மிக அதிகம். அதனால் 300 டிகிரியிலும் அது தண்ணீராகவே கிடக்கும். குக்கருக்குள் நடப்பதும் இதுதான். கிணறு திறந்ததும் அழுத்தம் குறைகிறது, தண்ணீரில் ஒரு பகுதி சட்டென்று ஆவியாகிச் சீறிக்கொண்டு மேலே வருகிறது. ஆவியைத் தனியாகப் பிரித்து டர்பைனுக்கு அனுப்புகிறார்கள். மிச்ச நீரை வேறொரு கிணறு வழியாகப் பூமிக்குள்ளேயே திருப்பி விடுகிறார்கள். அப்படி விடாவிட்டால் நாளடைவில் கீழே அழுத்தம் குறைந்து, ஆவியும் குறையும்.

நைரோபிக்கு வடமேற்கே, நைவாஷா ஏரிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒல்காரியாவில்தான் இந்த வேலை பெரிய அளவில் நடக்கிறது. முதல் முயற்சி 1950களின் பிற்பாதியில். இரண்டு கிணறுகள் தோண்டினார்கள். சூடு இருந்தது, ஆவி தேறவில்லை. வேலையை அப்படியே விட்டுவிட்டார்கள். 1973இல் எண்ணெய் விலை எகிறிய காலத்தில்தான் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு மறுபடி தோண்டினார்கள். 1981இல் 15 மெகாவாட்டில் முதல் இயந்திரம் ஓடியது. முதல் கிணற்றுக்கும் முதல் மின்சாரத்துக்கும் நடுவே கால் நூற்றாண்டு.

இந்தக் கால் நூற்றாண்டை எந்தத் தனியார் முதலீட்டாளர் தாங்குவார்? எனக்கு இதுதான் விஷயத்தின் மையமாகப் படுகிறது. ஒரு கிணறு 5 மெகாவாட் தரும், பக்கத்துக் கிணறு 20ஐத் தாண்டும், மூன்றாவது ஒன்றுமே தராது. தோண்டி முடிக்கும் வரை எது எப்படி என்று சொல்ல முடியாது. வங்கி கடன் தர வேண்டுமானால் ஆவி இருக்கிறது என்று காட்ட வேண்டும். காட்ட வேண்டுமானால் முதலில் தோண்ட வேண்டும். இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் கென்ய அரசு 2008இல் ஜிடிசி என்ற புவிவெப்ப வளர்ச்சி நிறுவனத்தை முழுக்கத் தனக்கே சொந்தமாகத் தொடங்கியது. அரசு தோண்டும், ஆவியைக் கண்டுபிடிக்கும், தனியார் மின்நிலையம் கட்டி அந்த ஆவியை விலைக்கு வாங்குவார்கள் என்பது ஏற்பாடு. ஒல்காரியாவின் பெரும்பகுதியை நடத்தும் கென்ஜென் என்ற மின் உற்பத்தி நிறுவனத்திலும் 70 சதவீதம் அரசின் பங்குதான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. புவிவெப்பத்துக்கு எரிபொருள் செலவு கிடையாது. செலவெல்லாம் தொடக்கத்திலேயே வந்துவிடும். அதனால் மின்சாரத்தின் விலையைப் பெரும்பாலும் வட்டிதான் தீர்மானிக்கிறது. 100 ரூபாய் கடனை 3 சதவீத வட்டியில் 30 ஆண்டில் அடைத்தால் ஆண்டுக்குச் சுமார் 5 ரூபாய் கட்ட வேண்டும். அதே 100 ரூபாயை 12 சதவீதத்தில் 12 ஆண்டில் அடைத்தால் 16 ரூபாய்க்கு மேல். கிணறும் ஆவியும் ஒன்றுதான், தவணை மட்டும் மூன்று மடங்கு. உலக வங்கி, ஜப்பான், ஜெர்மனி, பிரான்ஸ் எனக் கென்யா மலிவுக் கடனைத் தேடிப் போனதன் காரணம் இதுதான்.

ஆனால் அந்தக் கடன்கள் டாலரிலும் யூரோவிலும் யென்னிலும் இருக்கின்றன, மக்கள் கரன்ட் பில் கட்டுவதோ ஷில்லிங்கில். 2023 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 123 ஷில்லிங் போல இருந்தது, ஓராண்டில் 160ஐத் தொட்டது. கென்யாவின் மின்கட்டண ரசீதில் அந்நியச் செலாவணிக்கென்றே தனியாக ஒரு தொகை உண்டு. ஷில்லிங் சரிந்தால் அந்தத் தொகை ஏறும். உலகச் சந்தையில் நடப்பதற்கு, ஒற்றை பல்பு எரியும் வீடும் பணம் கட்டுகிறது.

சரி, ஆவி கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். நகுரு நகருக்குப் பக்கத்தில் மெனெங்காய் என்ற எரிமலை வாயில் ஜிடிசி 2011இல் தோண்டத் தொடங்கியது. ஆவி வந்தது. ஆனால் அங்கே முதல் 35 மெகாவாட் நிலையம் ஓடியது 2023இல். ஒப்பந்தம், அரசு உத்தரவாதம், நிதி என்று ஒவ்வொன்றுக்கும் காத்திருந்ததில் ஆண்டுகள் போயின. வடக்குக் கென்யாவில் துர்கானா ஏரிப் பக்கம் 310 மெகாவாட் காற்றாலைப் பண்ணைக்கும் இதே கதிதான். காற்றாலைகள் 2017இலேயே தயார். லோயங்கலானியிலிருந்து சுஸ்வா வரை 400 கிலோமீட்டருக்கு மேல் அரசு இழுக்க வேண்டிய மின்பாதை 2018 செப்டம்பரில்தான் உயிர் பெற்றது. அந்தத் தாமதத்துக்கு அரசே இழப்பீடு கட்ட வேண்டியிருந்தது. கிணற்றுக்குக் கிடைக்கும் கவனம் கம்பத்துக்கும் கம்பிக்கும் கிடைப்பதில்லை. பொது முதலீட்டில் எனக்கு மிகவும் வருத்தம் தருகிற இடம் இதுதான்.

அப்புறம், அந்த மண்ணில் குடியிருந்தவர்கள். ஒல்காரியா மசாய் மக்களின் மேய்ச்சல் நிலம். நான்காவது நிலையத்துக்காக 2014இல் நான்கு மசாய்க் குடியிருப்புகளை அகற்றி வேறிடத்தில் குடியமர்த்தினார்கள். புதிய வீடுகள் கொடுத்தார்கள், பள்ளிக்கூடமும் கட்டினார்கள். இருந்தும் நிலப் பட்டா, சாலை, பிழைப்பு பற்றி மக்கள் உலக வங்கிக்கும் ஐரோப்பிய முதலீட்டு வங்கிக்கும் புகார் எழுதினார்கள். உலக வங்கியின் ஆய்வுக் குழு விசாரித்துப் பார்த்து, வங்கி தன் சொந்த விதிகளையே பல இடங்களில் பின்பற்றவில்லை என்று சொன்னது. மசாய்களுக்குப் பழங்குடி மக்களுக்கான பாதுகாப்பு விதிகளைப் பொருத்தாமல் விட்டது அதில் முக்கியமானது. பிறகு நடுவர் வைத்துப் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். அந்தப் பேச்சை முதல் குழாய் இறங்குவதற்கு முன்பே நடத்தியிருக்கலாம். தோண்டுவதற்கு ஆகும் செலவோடு பார்த்தால் அதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது.

இப்போது இன்னொரு சிக்கல் சேர்ந்திருக்கிறது. புவிவெப்ப நிலையம் இரவு பகல் பாராமல் ஒரே சீராக ஓடக்கூடியது. நள்ளிரவுக்கு மேல் நாடு தூங்கும்போது அவ்வளவு மின்சாரத்துக்குத் தேவை இருப்பதில்லை. உற்பத்தியைக் குறைத்து, ஆவியைக் காற்றில் திறந்துவிட வேண்டியதாகிறது. மாலையில் எல்லோரும் விளக்குப் போடும் நேரத்திலோ பற்றாக்குறை.

அந்தச் சூட்டை மின்சாரமாக்காமல் நேரடியாகவே பயன்படுத்தவும் வழி உண்டு. நைவாஷாவில் ஒரு பூப்பண்ணை ஆவிக் கிணறு ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து, ரோஜாக் கூடாரங்களை இரவில் அந்தச் சூட்டால் கதகதப்பாக வைத்து வந்தது. குளிரும் ஈரமும் சேர்ந்தால் வரும் பூஞ்சை நோயை அது தடுத்தது. மெனெங்காயில் ஜிடிசி அதே வெந்நீரில் பால் காய்ச்சியும் துணி துவைத்தும் மீன் குட்டை வைத்தும் சிறு அளவில் சோதித்துப் பார்த்திருக்கிறது. நகுருவைச் சுற்றி மாடு வளர்ப்பவர்கள் ஏராளம்.