இரண்டு மில்லிமீட்டர் தடிமன் செய்யும் வேலை

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் கார் தொட்டிலாய் ஆடுகிறதே, ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்திவிடலாமா என்று ஒரு வாசகர் கேட்கிறார். வேண்டவே வேண்டாம். சுருள் குறைந்தால் ஸ்பிரிங் விறைக்கும், சரி. அந்தத் துள்ளலை அடக்கப் பழைய ஷாக் அப்சார்பருக்குத் தெம்பு போதாது. சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது ஸ்பிரிங் இடம் நழுவவும் கூடும்.

சாய்வைக் குறைக்கவே ஸ்டெபிலைசர் பார் இருக்கிறது. காருக்கு அடியில் குனிந்து பாருங்கள்: இரு பக்கச் சக்கரங்களையும் இணைத்தபடி 'ப' வடிவில் வளைந்த எஃகுக் கம்பி. இரண்டு சக்கரமும் ஒன்றாக வேகத்தடை ஏறினால் ரப்பர் புஷ்ஷுக்குள் சும்மா உருளும். வளைவில் ஒரு பக்கம் அமுங்கி மறுபக்கம் எழும்போதுதான் முறுக்கிக்கொண்டு எதிர்க்கும்.

அந்த எதிர்ப்பு விட்டத்தின் நான்காம் படியைப் பொறுத்தது. 20 மி.மீ. கம்பிக்குப் பதில் 22 மி.மீ. போட்டால், தடிமன் 10 சதவீதம்தான் கூடுகிறது. விறைப்போ 46 சதவீதம்! ஏன் நான்கு? மையத்திலிருந்து தள்ளியிருக்கும் எஃகு முறுக்கில் அதிகம் நகர்கிறது: ஒரு ஆரம். நெம்புகோல் நீளமும் அதற்கே அதிகம்: இன்னொரு ஆரம். குறுக்குப் பரப்பு தருவது ஆரத்தின் வர்க்கம். ஆக நான்கு. நடு எஃகு கிட்டத்தட்ட வெட்டி ஆபீசர். பாதி விட்டத்துக்கு உள்ளே குடைந்தெடுத்தால் எடையில் கால்வாசி போகும், விறைப்பில் பதினாறில் ஒரு பங்குதான் போகும். உள்ளீடற்ற பார்கள் வருவது அதனால்தான்.

ஆனால் சாய்வு குறைந்தால் பிடிப்பு கூடிவிடாது. 1000 கிலோ கார், ஈர்ப்பு மையம் அரை மீட்டர் உயரத்தில், இடது, வலது சக்கரங்களின் இடைவெளி ஒன்றரை மீட்டர். புவியீர்ப்பில் 0.6 மடங்கு பக்கவிசை வந்தால் வளைவின் வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு 200 கிலோ பாரம் மாறியே தீரும், பார் எதுவானாலும். எலுமிச்சம்பழம் கட்டினாலும் மாறும். அதில் முன்பக்கம் எவ்வளவு, பின்பக்கம் எவ்வளவு என்பதையே பார் தீர்மானிக்கிறது.

டயர் மீது பாரம் இரட்டித்தால் பிடிப்பு இரட்டிப்பதில்லை. பார் தடித்த பக்கமோ அந்த மாற்றத்தில் அதிகப் பங்கை ஏற்கிறது. எனவே முன்னோ பின்னோ, எந்தப் பக்கம் பார் தடிக்கிறதோ அந்தப் பக்கம் முதலில் வழுக்கும். முன்சக்கரங்கள் இழுக்கும் கார்கள் பெரும்பாலும் வளைவில் திரும்பாமல் நேராகவே போகப் பார்க்கும். அவற்றின் முன்னால் தடித்த பாரை மட்டும் மாட்டினால் அந்தக் குணம் முற்றும். பின்னால் மாட்டினால் மூக்கு நன்றாகத் திரும்பும். அளவு மீறினால் மழை நாளில் வால் வெளியே வீசும்.

என்னைக் கேட்டால் முதல் செலவு நல்ல டயருக்கு, அப்புறம் ஷாக் அப்சார்பருக்கு. பார் அதற்குப் பிறகு.