லீன் என்றால் சாய்வா, மெலிவா?

'லீன் மிக்ஸ்ச்சர்' என்பதை அகராதியைப் பார்த்து அவசரமாகத் தமிழாக்கினால் 'சாய்ந்த கலவை' என்று வந்து நிற்கும். பெட்ரோலும் காற்றும் எந்தப் பக்கம் சாயும்? ஆங்கிலத்தில் லீன் என்று ஒலிக்கும் சொற்கள் இரண்டு. சாய்வது ஒன்று, கொழுப்பில்லாமல் மெலிந்திருப்பது இன்னொன்று. பழைய ஆங்கிலத்தில் வேறு வேறாக இருந்தவை, இன்று எழுத்திலும் ஒலியிலும் ஒன்றாகிவிட்டன. பிஸ்டன் எஞ்சின் விமானம் ஓட்டுபவர்கள் சொல்லும் லீன், மெலிந்த லீன்.

மெலிவது பெட்ரோலின் பங்கு. ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய, எடைக் கணக்கில் ஏறத்தாழ 15 பங்கு காற்று வேண்டும். காற்று அதைவிடக் கூடினால் லீன், குறைந்தால் ரிச். தரையில் சரியாக இருந்த கலவை மேலே போகப் போகத் தானாகவே ரிச் ஆகிவிடும். 10,000 அடியில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். அதற்கேற்பப் பெட்ரோலைக் குறைக்கச் சாதாரண கார்புரேட்டருக்குத் தெரியாது. அதனால் விமானி கலவையைக் கட்டுப்படுத்தும் சிவப்புக் குமிழைப் பிடித்து மெல்ல வெளியே இழுக்கிறார். வெளியேறும் புகையின் சூட்டைக் காட்டும் எக்ஸாஸ்ட் வெப்பமானியின் முள் ஏறி, உச்சம் தொட்டு, இறங்கத் தொடங்கும். இன்னும் இழுத்தால் எஞ்சின் உதறும். உதறல் நிற்கும்வரை கொஞ்சம் உள்ளே தள்ளுவார். வெப்பமானி இல்லாத விமானத்தில் அந்த உதறல்தான் அளவுகோல். முழுக்க இழுத்தால் எஞ்சின் நின்றே போகும். தரையிறங்கியபின் எஞ்சினை அணைப்பதும் இந்தக் குமிழால்தான்.

1944-ல் பசிபிக் போர்முனையில் அமெரிக்காவின் பி-38 போர்விமானங்களை ஓட்டியவர்களுக்கு, அட்லாண்டிக்கைத் தனியாகப் பறந்து கடந்த சார்லஸ் லிண்ட்பெர்க் சொல்லிக்கொடுத்ததும் இதைத்தான்: எஞ்சினின் சுழற்சியைக் குறை, கலவையை லீன் ஆக்கு. அதே பெட்ரோலில் அவர்கள் வெகுதூரம் கூடுதலாகப் பறந்தார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'நீர்த்த கலவை' என்றால் தண்ணீர் வந்து சேர்ந்துகொள்கிறது. எரிபொருள் பேச்சில் அது வேண்டவே வேண்டாம். இலங்கைப் பாடநூல்களின் 'ஐதான' நல்ல பழஞ்சொல், ஆனால் தமிழ்நாட்டில் பலருக்குப் புரியாது. என் தேர்வு 'மெலிந்த கலவை'. லீனிங் என்ற செயலுக்கு 'மெலித்தல்'. செய்யுள் விகாரங்களில் வலித்தல், மெலித்தல் என்று இலக்கண வகுப்பில் படித்தோமே, அதே சொல். தானாக நடந்தால் மெலிதல், ஆள் செய்தால் மெலித்தல். இந்த வேறுபாடு ஒரே எழுத்தில் கிடைக்கிறது. ரிச்சுக்குச் 'செறிந்த' போதும். ஜெர்மன்காரர்கள் 'கொழுத்த கலவை' என்றே சொல்கிறார்கள். மெலிந்ததற்கு அதுதான் சரியான ஜோடி என்றாலும், தமிழில் சொன்னால் சிரிப்பார்கள்.

அப்புறம், எஞ்சின் சிலிண்டரின் நலம் பார்க்கும் 'கம்ப்ரஷன் டெஸ்ட்'. லத்தீனில் இதன் வேர்ப்பொருள் 'சேர்த்து அமுக்குவது'. தமிழ்நாட்டில் 'அமுக்கம்' என்று எழுதினால் பொருந்தும். இலங்கையில் அமுக்கம் என்றால் பிரஷர். தாழமுக்கம் என்ற சொல்லைச் செய்தியில் கேட்டிருப்பீர்கள். இந்தச் சிக்கலைவிடப் பெரியது ஒன்று உண்டு. விமான எஞ்சினில் வழக்கமாகச் செய்யும் சோதனை அமுக்கத்தை அளப்பதே இல்லை. பிளக்கைக் கழற்றி, பிஸ்டனை அமுக்க வீச்சின் (அது கலவையை அமுக்கிக்கொண்டு மேலேறும் ஓட்டத்தின்) உச்சியில் நிறுத்தி, சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டு அழுத்தத்தில் ஒரு நுண்துளை வழியாகச் சிலிண்டருக்குள் காற்றைச் செலுத்துகிறார்கள். துளைக்கு இந்தப் பக்கம் ஒரு மானி, சிலிண்டர் இருக்கும் அந்தப் பக்கம் ஒரு மானி. இரண்டாவது 72 காட்டினால் '80-க்கு 72' என்று குறிப்பேட்டில் ஏறும். குறைந்த 8, கசிவின் அடையாளம். ஆகவே 'கசிவுச் சோதனை' என்பதே நேரான பெயர். பட்டறையில் 'கம்ப்ரஷன் போச்சு' என்று சொல்வதை யாராலும் மாற்ற முடியாது, அது கிடக்கட்டும்.

இதில் புரொப்பெல்லரை ஒருவர் கெட்டியாகப் பிடித்திருக்க வேண்டும். 5 அங்குல விட்டமுள்ள பிஸ்டன்மேல் அந்தக் காற்று 700 கிலோவுக்கு மேல் எடை ஏறி உட்கார்ந்த மாதிரி அழுத்தும். உச்சியிலிருந்து சற்று விலகினாலும் புரொப்பெல்லர் சுழன்று அடித்துவிடும். இன்னொருவர் காதைத் தீட்டிக்கொண்டு 'உஸ்' எங்கே என்று தேடுவார். எக்ஸாஸ்ட் குழாயில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, காற்று உள்ளே போகும் வழியில் கேட்டால் இன்டேக் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங். ரிங்கில் எப்போதும் கொஞ்சம் கசியும், வால்விலிருந்து சத்தம் வந்தால்தான் முகம் மாறும்.