சாப்பாட்டு டப்பாவோடு பூங்காவில் 40 நாட்கள்

2023 மார்ச்சில் வெளிவந்த ‘ஸ்விகாட்டோ’ என்ற இந்திப் படத்தை, என்னிடம் நிதி ஆலோசனைக்கு வருபவர்களைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கச் சொல்கிறேன். இயக்கம் நந்திதா தாஸ். கதை நடப்பது புவனேஸ்வரில். தொழிற்சாலையில் ஃப்ளோர் மேனேஜராக இருந்த மானஸுக்கு வேலை போய்விடுகிறது. வீட்டில் வயதான அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள். பைக்கை எடுத்துக்கொண்டு சாப்பாடு டெலிவரிக்கு இறங்குகிறார். நேற்றுவரை ஆட்களை வேலை வாங்கியவரை இப்போது ரேட்டிங்கும் இன்சென்டிவும் வேலை வாங்குகின்றன.

மானஸாகக் கபில் சர்மா நன்றாகவே நடித்திருக்கிறார். ஆனால் நான் பார்க்கச் சொல்வது ஷஹானா கோஸ்வாமி நடித்த பிரதிமாவுக்காக. அதுவரை வீட்டை மட்டுமே கவனித்துவந்தவர், வசதியான பெண்களுக்கு மசாஜ் செய்யப் போகிறார், மாலில் துப்புரவு வேலை தேடுகிறார். அதைக் கணவரால் சுலபமாக ஏற்க முடியவில்லை. வேலை போன வீட்டில் ஆணின் கௌரவத்துக்கு என்ன விலை என்பதை நான் தினமும் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். அதனால் அந்தக் காட்சிகள் எனக்கு வெறும் சினிமாவாகத் தெரியவில்லை.

கோவையில் குடும்ப நிதி ஆலோசகராக இருக்கிறேன். போன வருடம் 46 வயதுக்காரர் ஒருவர் வந்தார். பம்ப் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருந்தவர். “வேலை போயி நாப்பது நாளாச்சுங்க சார். வீட்ல இன்னும் சொல்லலைங்க” என்றார். தினமும் காலையில் மனைவி கட்டித்தரும் டப்பாவை வாங்கிக்கொண்டு கிளம்புவாராம். நண்பர் வீட்டில் ஒளித்து வைத்த டெலிவரி பையை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றுவார். மதியம் வ.உ.சி. பூங்காவில் உட்கார்ந்து டப்பாவைக் காலி செய்வார். மகள் கல்லூரிக் கட்டணம், வீட்டுத் தவணை எல்லாம் வழக்கம்போல நடக்க வேண்டுமே? கிரெடிட் கார்டிலும் கடன் ஆப்பிலுமாக 1,80,000 ரூபாய் ஏறியிருந்தது.

கார்டுக்கு மாதம் 3.5 சதவீத வட்டி என்றால் வருடத்துக்கு 42. ‘மினிமம் டியூ’, அதாவது பில்லில் போட்டிருக்கும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் போதும் என்று அவர் நம்பியிருந்தார். அதைக் கட்டினால் அபராதம் வராது, அவ்வளவுதான். மீதிப் பணத்துக்கு வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

அடுத்த வாரம் மனைவியோடு வரச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்த அம்மா சொன்னது ஒன்றுதான்: “எங்கிட்டச் சொல்லியிருந்தா அன்னிக்கே செயினைக் கொண்டுபோய் பேங்க்ல வெச்சிருப்பேனுங்களே. பீரோவுல சும்மாதானே கெடக்குது.” வங்கியில் நகைக்கடன் வட்டி, கார்டு வட்டியில் கால்வாசி அளவுதான் வரும். அந்த வழி வீட்டு பீரோவிலேயே இருந்திருக்கிறது, கேட்கத்தான் ஆளில்லை.

அப்புறம் டெலிவரி வருமானத்தைப் பார்த்தோம். ஒரு நாளைக்கு 1,100 ரூபாய் வருகிறது என்றார். நோட்டை எடுத்து எழுதினோம். பெட்ரோல் 265. டயர், ஆயில், செயின் தேய்மானத்துக்கு 100. டீ, மொபைல் டேட்டா 85. மிச்சம் 650. பதின்மூன்று மணி நேரம் ஓட்டுகிறார், ஆக மணிக்கு 50 ரூபாய். அவர் ரொம்ப நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். உழைத்துச் சம்பாதிக்கும் எந்த வேலையிலும் கேவலம் இல்லை. ஆனால் கைக்கு வருவதையெல்லாம் வருமானம் என்று எடுத்துக்கொண்டு தவணைக்குத் திட்டம் போட்டால் மூன்றாவது மாதமே பிடி நழுவிவிடும்.

இன்னொன்று, பலருக்கும் தெரியாதது. சொந்த உபயோகத்துக்கு எடுத்த பைக் இன்சூரன்ஸை எடுத்து ‘பயன்பாட்டு வரம்பு’ பகுதியைப் படித்துப் பாருங்கள். வாடகைக்கு ஓட்டுவதும், சரக்கு ஏற்றிச் செல்வதும் அதில் விலக்கப்பட்டிருக்கும். டெலிவரியின்போது விபத்து நடந்தால் க்ளெய்ம் சிக்கலாகலாம். பையை மாட்டுவதற்கு முன்பே இன்சூரன்ஸ் கம்பெனியிடம் கேட்டுச் சரிசெய்துகொள்ளுங்கள்.

கம்பெனி கொடுத்த மருத்துவக் காப்பீடும் பெரும்பாலும் வேலையோடே போய்விடும். அதைத் தனிநபர் பாலிசியாக மாற்றிக்கொள்ள முடியுமா என்று கடைசி வேலைநாளுக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். ஐந்து வருடம் முடித்திருந்தால், நீங்களே ராஜினாமா செய்திருந்தாலும் கிராஜுவிட்டி (பணிக்கொடை) உண்டு. ஆனால் ஆட்குறைப்பு செய்யும்போது ‘ராஜினாமா எழுதிக் கொடுத்துடுங்க’ என்று கேட்டால் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். சட்டப்படி தொழிலாளி என்ற வரையறைக்குள் வருபவருக்கு, வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடாகக் கிடைக்க வேண்டும். ராஜினாமா கடிதம் அந்த உரிமையைப் பறித்துவிடலாம். முதலில் ஒரு தொழிலாளர் சட்ட வழக்கறிஞரிடம் காட்டுங்கள். டெலிவரிக்குப் போகிறவர்கள், தமிழக அரசு 2023-ல் கிக் தொழிலாளர்களுக்காக (ஆப் மூலம் வேலை எடுத்துச் செய்பவர்களுக்காக) அமைத்த நல வாரியத்தில் பதிந்துகொள்வதும் நல்லது.

அந்தத் தம்பதி செயினை அடகு வைத்து கார்டு கடனை அடைத்தார்கள். மனைவி வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் தையல் யூனிட்டில் சேர்ந்திருக்கிறார். கணவருக்குச் சின்னப் பட்டறை ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது, சம்பளம் பழையதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். சாயங்காலம் மூன்று மணி நேரம் டெலிவரி ஓட்டுவதை நகையைத் திருப்பும்வரை நிறுத்தப்போவதில்லை என்றார். போன மாதம் நோட்டைக் கொண்டுவந்து காட்டினார்கள். பெட்ரோல் கணக்கை இப்போது அந்த அம்மாதான் எழுதுகிறார்.