'உணவுப் பாதுகாப்பு' என்றால் யாருக்குப் பாதுகாப்பு?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் பக்கத்து மண்டபத்தில் உணவு விற்பவர்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. வாசலில் கட்டிய பதாகையில் மேலே மலாயில் 'கெசெலாமாத்தான் மக்கானான்', கீழே தமிழில் 'உணவுப் பாதுகாப்புப் பயிற்சி'. எட்டரை மணிக்கே ஒரு அக்கா வந்து நின்றார். செம்பனைத் தோட்டத்து லயத்தில் இருப்பவர், விடிகாலையில் நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு, பொட்டலம் கட்டி விற்பவர். ஒரு கையில் ஐசி எனும் அடையாள அட்டை, இன்னொரு கையில் நான்காக மடித்த கோணிப்பை.

"டீச்சர், அரிசி இங்கதானே குடுக்குறாங்க?"

அவரைக் குறை சொல்ல முடியாது. முன்பு ஒருமுறை அதே மண்டபத்தில், அதே சொல்லைப் போட்டுத்தான் அரிசியும் எண்ணெயும் கொடுத்தார்கள். "இல்லக்கா, இன்னிக்குப் பாடம்தான்" என்றேன். பையை இன்னொரு மடிப்பு மடித்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்குப் போய்விட்டார். உள்ளே அன்றைய பாடமே சோற்றைப் பற்றியது. சோறு வெந்தாலும் பேசிலஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரின் வித்துகள் சாவதில்லை. வடித்த சோற்றை மணிக்கணக்கில் வெளியே வைத்தால் அவை முளைத்துப் பெருகும். அதில் சில வகைகள் விடும் நஞ்சு வாந்தியைக் கொண்டுவரும், திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. அந்த வகுப்பில் யார் இருந்திருக்க வேண்டுமோ அவர் பேருந்து ஏறிவிட்டார். ஒரு சொல் செய்த வேலை அது.

இரண்டு வேறு விஷயங்களுக்குத் தமிழில் ஒரே பெயர் வைத்திருக்கிறோம். ஒன்று, உணவு உண்பவருக்குத் தீங்கு செய்யாமல் இருப்பது, ஆங்கிலத்தில் ஃபுட் சேஃப்டி. மற்றது, எல்லோருக்கும் போதிய உணவு கிடைப்பது, ஆங்கிலத்தில் ஃபுட் செக்யூரிட்டி. சேஃப் என்பது ஊறுபடாத, முழுமையான என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. செக்யூர் என்பதற்கு லத்தீனில் கவலையற்றது என்று பொருள். மலாய்க்காரர்களும் பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள். முதலாவது கெசெலாமாத்தான், நாம் தினமும் சொல்லும் 'செலாமாட்' அதற்குள் இருக்கிறது. இரண்டாவது கெதெர்ஜாமினான். அதில் உள்ள 'ஜாமின்'தான் நம் ஊர்ப் பேச்சில் கோர்ட்டு ஜாமீன், இரண்டுக்கும் மூலம் அரபு. சுகாதார அமைச்சு முதலாவதைப் பார்க்கிறது, விவசாய அமைச்சின் பெயரில் இரண்டாவது இருக்கிறது. தமிழில் வந்தால் இரண்டும் 'உணவுப் பாதுகாப்பு' ஆகிவிடுகின்றன.

தமிழ்நாட்டிலும் இதே கதைதான். 2006ஆம் ஆண்டுச் சட்டம் கடையில் விற்கும் உணவின் தரத்தையும் கலப்படத்தையும் பற்றியது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் ரேஷன் அரிசி பற்றியது. தமிழில் முன்னதும் உணவுப் பாதுகாப்புச் சட்டம், பின்னதும் உணவுப் பாதுகாப்புச் சட்டம். அங்கே அச்சாகும் சொல்லை இங்கே அப்படியே எடுத்துப் போடுகிறோம்.

நாம் தோட்டப்புறத்தில் ஒருவரை ஒருவர் பார்த்தால் கேட்பது "பசியாறிட்டீங்களா?" என்றுதானே. பசியாற வீட்டில் உணவு இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. பசியாறிய பிறகு உடம்புக்கு ஒன்றும் ஆகாமல் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. 2018இல் கெடா மாநிலத்துப் பாலிங்கில் லக்சா எனும் நூடுல்ஸ் சாப்பிட்டவர்களில் இரண்டு பேர் இறந்தார்கள், காரணம் சால்மொனெல்லா என்ற நுண்ணுயிர். அங்கே உணவுக்குப் பஞ்சமே இல்லை.

இப்போது இந்தச் சொல்லையே எடுத்துப் பார்ப்போம். கா என்றால் காவல் செய்வது. காப்பு, காவல், திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவது எல்லாம் அந்த வேரில் வந்தவை. வெளியிலிருந்து வரும் கேட்டைத் தடுத்து ஒன்றைக் காப்பதுதான் பொருள். நாட்டுப் பாதுகாப்பு என்றால் நாட்டைக் காப்பது, பயிர்ப் பாதுகாப்பு என்றால் பயிரைக் காப்பது. அதே கணக்கில் உணவுப் பாதுகாப்பு என்றால் உணவைக் காப்பது என்றாகிறது. எலியிடமிருந்தா, திருடனிடமிருந்தா? காக்கப்பட வேண்டியவர் சாப்பிடுகிறவர் அல்லவா? கெட்டுப்போன கறி பானைக்குள் பத்திரமாகத்தான் இருக்கும், ஆபத்து அதை உண்பவருக்கு. 'சாலைப் பாதுகாப்பு என்கிறோமே, சாலையையா காக்கிறோம்?' என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அங்கே அந்தச் சொல்லோடு மல்லுக்கட்ட இரண்டாவது பொருள் கிடையாது. இங்கே இருக்கிறது, அதுவும் அரிசி மூட்டையாக.

மாற்றுச் சொற்கள் சொல்லாமலும் இல்லை. 'உணவுத் தூய்மை' என்பார்கள். தூய்மை வேறு, தீங்கு இல்லாமை வேறு. பளிச்சென்று கழுவிய தட்டில், ஈ மொய்க்காத சோற்றிலும் அந்த நஞ்சு இருக்கலாம், கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாது. அப்புறம் தூய்மை என்றதுமே நம்மவர்களுக்கு மடி, ஆசாரம், சைவ உணவு என்று எண்ணம் ஓடும். 'உணவுச் சுகாதாரம்' கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் அது கை கழுவுவதையும் கடையைத் துடைப்பதையும் குறிக்கும் சொல். தனித்தமிழ் அன்பர்கள் 'உணவு ஏமம்' என்கிறார்கள். ஏமம் அழகான பழஞ்சொல், எனக்கும் ஆசைதான். ஆனால் குறளைத் திறந்து பாருங்கள்:

பிணியின்மை செல்வம் விளைவின்பம் ஏமம்
அணியென்ப நாட்டிற்கிவ் வைந்து

738ஆம் குறள். நோயில்லாமை ஒன்று, விளைச்சல் ஒன்று, காவல் ஒன்று என்று வள்ளுவர் தனித்தனியாக எண்ணி வைக்கிறார். ஏமம் நாட்டுக் காவல். அதைக் கொண்டுபோய் நோயில்லாமையின் இடத்தில் வைத்தால், பாதுகாப்பு என்ற சொல்லில் இருக்கும் அதே குழப்பம் பழைய உடுப்பில் திரும்பி வரும். 945ஆம் குறளில் 'ஊறுபாடு இல்லை உயிர்க்கு', அதாவது உயிருக்குக் கேடு இல்லை, என்று உணவைப் பற்றியே வருகிறது. அதை வைத்து 'ஊறின்மை' என்று ஆக்கலாமா என்று பல நாள் யோசித்தேன். வேண்டாம். இன்று ஊறு என்றால் ஊறுகாய்தான் நினைவுக்கு வரும்.

எனக்குச் சரியாகப் படுவது 'உணவுத் தீங்கின்மை'. பிணியின்மை போலவே அமைந்த சொல். தீங்கு எல்லோருக்கும் தெரியும், இன்மை பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். யாருக்குத் தீங்கு என்று கேட்டால் உண்பவருக்கு என்ற ஒரே பதில்தான் வரும். செக்யூரிட்டிக்கு நம் நாட்டுச் செய்திகளில் சிலர் 'உணவு உத்தரவாதம்' என்று எழுதுகிறார்கள். வடமொழி வாடை இருந்தாலும் பொருள் தெளிவு, அவர்களைப் பாராட்டுகிறேன். 'உணவு உறுதி' என்றாலும் சம்மதம்.

இந்தக் குழப்பம் பதாகையோடு நிற்பதில்லை, ஆய்வுப் பணம் வரை போகிறது. பிரிட்டனில் 1988 டிசம்பரில் சுகாதாரத் துறையின் இளைய அமைச்சர் எட்வினா கரி, நாட்டின் முட்டை உற்பத்தியில் பெரும்பகுதி சால்மொனெல்லாவால் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டு இரண்டே வாரத்தில் பதவி விலகினார். அடுத்த ஆண்டு இதை ஆராய ரிச்மண்ட் என்பவர் தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். 2000இல் விவசாய அமைச்சிடம் இருந்த பொறுப்பைப் பிரித்து, உண்பவர் பக்கம் நிற்கத் தனியாக ஓர் உணவுத் தர முகமையை ஏற்படுத்தினார்கள். உணவில் வரும் நுண்ணுயிர்களை ஆராய அரசுப் பணம் தரும் அமைப்புகள் கூடிப் பேச அங்கே ஒரு குழுவும் இருந்தது. அதன் தேவை புரிகிறது. கோழி பண்ணையில் இருக்கும்வரை கால்நடைத் துறை, சட்டிக்கு வந்தால் சுகாதாரத் துறை, வயிற்று வலியோடு படுத்தால் மருத்துவமனை. மூன்று பேரும் ஒரே சால்மொனெல்லாவுக்குத் தனித்தனியாகச் செலவழித்துவிட்டு, நடுவில் லாரியிலும் சந்தையிலும் நடப்பதை யாருமே பார்க்காமல் போகலாம்.

அந்தக் குழுவைப் பற்றித் தமிழில் ஒரு குறிப்பு படித்தேன். அதன் வேலையை 'அரசு நிதியில் நடக்கும் நுண்ணுயிரியல் உணவுப் பாதுகாப்பு ஆராய்ச்சியின் ஒருங்கிணைப்பு' என்று போட்டிருந்தது. நுண்ணுயிரியல் ஒரு படிப்பு. நமக்கு ஆபத்து படிப்பிலிருந்தா வருகிறது? ஆங்கிலத்தில் '-லாஜிக்கல்' என்று வந்தால் கண்ணை மூடிக்கொண்டு 'இயல்' ஒட்டும் பழக்கம் மொழிபெயர்ப்பாளர்களிடம் எப்போது தீருமோ. கிருமி என்றும் பொதுவாகச் சொல்லிவிட முடியாது. தோசை மாவைப் பொங்க வைப்பதும், சோயா மொச்சையில் செய்யும் தெம்பேயைக் கட்டி பிடிக்க வைப்பதும் நுண்ணுயிர்கள்தாம், அவற்றைக் கிருமி என்று யாரும் திட்டுவதில்லை. கெடுதல் செய்வது கிருமி, பொதுப்பெயர் நுண்ணுயிர்.

உணவுப் பாதுகாப்பு என்று தலைப்பிட்டால் நெல் விளைச்சல் ஆய்வும் சோற்று நஞ்சு ஆய்வும் ஒரே கோப்பில் விழும். யார் எதற்குப் பணம் தருகிறார் என்று எண்ணிப் பார்க்கவே முடியாது. பாதுகாப்பற்ற உணவால் உலகில் ஆண்டுக்கு 60 கோடிப் பேர் நோயுறுகிறார்கள், 4 லட்சத்து 20 ஆயிரம் பேர் இறக்கிறார்கள் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2015 மதிப்பீடு. (பாருங்கள், பழக்கத்தில் நானே 'பாதுகாப்பற்ற' என்று எழுதிவிட்டேன். தீங்கான உணவு என்று திருத்திப் படியுங்கள்.)

அந்தக் குறிப்பில் இருந்த 'ஒருங்கிணைப்பு' என்ற சொல்லோடு எனக்குச் சண்டை இல்லை. எல்லாப் பணத்தையும் ஒரே பெட்டியில் கொட்டுவது என்று மட்டும் படித்துவிடக் கூடாது. அவரவர் பை அவரவரிடம், செய்தி மட்டும் பொது. ஆக முழுத் தொடரையும் நான் இப்படி எழுதுவேன்: 'உணவில் நுண்ணுயிர்த் தீங்கின்மை பற்றிய அரசு நிதி ஆய்வுகளின் ஒருங்கிணைப்பு'. நீளம்தான், ஆனால் எதுவும் இடம் மாறவில்லை.

மண்டபத்துக்கு அடுத்த பதாகை அச்சாகும் முன் இதை எழுதிக் கொடுத்திருக்கிறேன்: 'உணவுத் தீங்கின்மைப் பயிற்சி'. அதன் கீழே, 'சமைத்து விற்பவர்களுக்கு: சாப்பிட்டவருக்கு நோய் வராமல் சமைப்பது, எடுத்து வைப்பது எப்படி'. அந்த அக்காவின் வீட்டுக்கும் ஒரு தாள் அனுப்பியாயிற்று, அரிசி கிடையாது என்பதையும் மறக்காமல் எழுதி.