பழைய மாருதி எஞ்சின் பந்தயத்துக்குத் தயாராவது எப்படி?

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்றில்தான் பல பத்தாண்டுகள் கார் பந்தயம் நடந்தது. வெளிநாட்டுப் பந்தயக் கார் வாங்குவது பெரும்பாலானவர்களுக்கு எட்டாக்கனி. ஆகவே கிடைத்த ஃபியட், ஹெரால்டு கார்களின் எஞ்சின்களை வைத்து ஆளாளுக்குத் தாங்களே வண்டி கட்டினார்கள். அந்தக் கைவேலையை ஒரு பந்தய வகையாகவே வளர்த்தவர் கோவை கரிவரதன். 1980களின் கடைசியில் மாருதி 800 எஞ்சினை வைத்து அவர் கட்டிய ஒற்றை இருக்கை கார்கள்தான் ஃபார்முலா மாருதி. பின்னாளில் ஃபார்முலா 1 வரை போன நரேன் கார்த்திகேயன் ஆரம்பத்தில் ஓட்டியதும் இந்த வகைதான். 1995இல் விமான விபத்தில் கரிவரதன் இறந்தார். கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் உள்ள 2.1 கிலோமீட்டர் பந்தயத் தடம் இன்று அவர் பெயரில் இருக்கிறது. பம்பும் பஞ்சாலை இயந்திரமும் செய்யும் கோவையில், தெருவுக்கொரு லேத் பட்டறை இருக்கும் ஊரில் இது நடந்ததில் ஆச்சரியமில்லை.

வண்டியின் உடல் எளிது. இரும்புக் குழாய்களைப் பற்றவைத்த கூடு, அதன்மேல் ஃபைபர் போர்வை. கூட்டில் முடிந்த இடமெல்லாம் முக்கோணம் அமைய வேண்டும் என்பதே முக்கிய விதி. சதுரச் சட்டத்தை ஒரு மூலையில் தள்ளினால் சாய்ந்துவிடும். முக்கோணம் சாய வேண்டுமானால் ஒரு குழாயே நீளவோ சுருங்கவோ வேண்டும். எஞ்சினை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைப்பதும் புதிதல்ல. 1946இல் இங்கிலாந்தில் கூப்பர் குடும்பத்தார், இரண்டு ஃபியட் கார்களின் முன்பாதிகளை ஒட்டி, பின்னால் மோட்டார் சைக்கிள் எஞ்சினை வைத்துச் சங்கிலியால் ஓட்டினார்கள். பதிமூன்றே ஆண்டுகளில் ஜாக் பிரபாம் பின் எஞ்சின் கூப்பரில் உலகச் சாம்பியன் ஆனார்.

உண்மையான வேலை எஞ்சினில்தான். வீட்டில் வண்டி கட்டுபவர் கையில் இருப்பது பெரும்பாலும் லட்சம் கிலோமீட்டர் ஓடிக் களைத்த எஞ்சின். அதைப் பந்தயத்தில் விடும்போது என்ன ஆகிறது என்று ஒரு சின்னக் கணக்குப் போடலாம். மாருதி 800இன் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் சிலிண்டருக்குள் மேலிருந்து கீழே போகும் தூரம், 72 மி.மீ. அந்த அசைவைச் சுழற்சியாக்கும் தண்டான கிராங்க்கின் ஆரம் அதில் பாதி, 36 மி.மீ. நிமிடத்துக்கு 6,000 சுற்றில், பிஸ்டன் உச்சியில் நின்று திரும்பும் கணத்தில் அதன் முடுக்கம் புவியீர்ப்பைப்போல் ஏறத்தாழ 1,900 மடங்கு. பிஸ்டன், அதைப் பிணைக்கும் பின், சுற்றியுள்ள ரிங் எல்லாம் சேர்த்துக் கால் கிலோ என்று வைத்தால், பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு இழுக்க வேண்டிய பாரம் 470 கிலோ. 7,000 சுற்றுக்குப் போனால் 640 கிலோ. சுற்று ஆறில் ஒரு பங்குதான் கூடியது. பாரம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிட்டது. விசை சுற்றின் இருபடிக்கு ஏற்ப ஏறுவதால், ஊருக்குள் ஓடும்போது தெரியாத தேய்மானம் பந்தயத்தில் எஞ்சினை உடைக்கும்.

இந்த எஞ்சினில் மூன்று சிலிண்டர்; கிராங்க்கில் அவற்றின் முழங்கைகள் 120 டிகிரி இடைவெளியில். மூன்று பிஸ்டனும் ஒரே எடையாக இருந்தால் மேலும் கீழுமான உதறல்கள் ஒன்றையொன்று சமன்செய்துவிடும். ஒன்று மட்டும் 5 கிராம் அதிகமானால், 6,000 சுற்றில் ஒன்பது கிலோவுக்கு மேற்பட்ட குத்து, நொடிக்கு நூறு முறை. நகைக்கடைத் தராசு ஒன்று இருந்தால் போதும்: எடை கூடிய பிஸ்டனின் உள்பக்கத்தில், பாரம் தாங்காத இடமாகப் பார்த்துக் கொஞ்சம் சுரண்டுவார்கள். செலவே இல்லாத வேலை இது. ஆனால் பலர் இதை விட்டுவிட்டுச் சைலன்சரை மாற்றப் போவார்கள்.

அடுத்து சிலிண்டர். அது மேலிருந்து கீழ்வரை சமமாகத் தேயாது. பிஸ்டன் நகரும்போது ரிங்குக்கும் சுவருக்கும் நடுவில் ஆயில் படலம் நிற்கும். உச்சியில் பிஸ்டன் ஒரு கணம் நின்றுவிடுகிறது; வேகம் இல்லாததால் படலம் மெலிகிறது. வாயு வெடித்து ரிங்கைச் சுவரில் அழுத்துவதும் அப்போதுதான். அதனால் மேல் ரிங் நின்று திரும்பும் இடத்தில் தேய்மானம் மிக அதிகம். ரிங் எட்டாத விளிம்பு மட்டும் தேயாமல் படிபோல நிற்கும். சிலிண்டரை மேலே மூடும் ஹெட்டைக் கழற்றி நகத்தால் வருடினாலே தட்டுப்படும். உள்விட்டம் அளக்கும் போர் கேஜை வைத்து மேலே, நடுவே, கீழே, குறுக்கே என்று அளந்தால் வட்டம் முட்டை வடிவாகி இருப்பதும் தெரியும்.

மருந்து ரீபோர், அதாவது சிலிண்டரைக் கடைந்து அகலமாக்குவது. 68.5 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டரை 69 ஆக்கி, அரை மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவார்கள். 796 சிசி எஞ்சின் இதனால் ஏறத்தாழ 808 சிசி ஆகிவிடும் என்பதால் பந்தய விதியில் எவ்வளவு அனுமதி என்று முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். போர் செய்த பிறகு ஹோனிங், அதாவது சுவரைக் கல்லால் தேய்ப்பது. வழவழவென்று விட்டால் ஆயில் தங்காது; குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள் வேண்டும். அந்தப் பள்ளங்களில் ஆயில் தேங்கும், மேடுகள் ரிங்கோடு உரசிச் சீக்கிரம் படியும்.

கிராங்க்கில் முதலில் பார்க்க வேண்டியது விரிசல். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தடவினால், விரிசலுக்குள் ஒளிந்த எண்ணெய் வெளியே கசிந்து கோடாகக் காட்டிவிடும். விரிசல் இல்லை, ஆனால் தேய்ந்திருக்கிறது என்றால் கிரைண்டிங், கால் மி.மீ. குறைத்து அதற்கேற்ற பேரிங் ஷெல், அதாவது கிராங்க்கைத் தாங்கும் வளைந்த தகடு. இங்கே இடைவெளிதான் எல்லாம்: மி.மீ.யில் நூறில் இரண்டிலிருந்து நான்கு பங்கு. பேரிங்கைக் காப்பது ஆயில் பம்பின் அழுத்தம் என்று நினைப்போம். பம்பு ஆயிலைக் கொண்டுவந்து சேர்ப்பதோடு சரி. சுழலும் ஷாஃப்ட் தானே ஆயிலை ஒடுங்கிய இடுக்குக்குள் இழுக்கிறது. அங்கே உருவாகும் அழுத்தம் பம்பு தருவதைவிடப் பல மடங்கு. இடைவெளி கூடினால் ஆயில் பக்கவாட்டில் ஓடிவிடும், குறைந்தால் சூடேறி ஷெல் கரையும்.

வாயுவை உள்ளே விட்டு வெளியே அனுப்பும் வால்வுகளை அரைப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். விளிம்பில் அரைக்கும் பேஸ்டைத் தடவி, ரப்பர் குமிழ் வைத்த குச்சியை வால்வின் தலையில் ஒட்டி, மத்துக் கடைவதுபோல் இரண்டு உள்ளங்கைக்கு நடுவே உருட்டுவார்கள். முதலில் கரகரவென்று சத்தம் வரும். பேஸ்ட் நைந்ததும் சத்தம் அடங்கிவிடும். துடைத்துப் பார்த்தால் ஒன்றேகால் மி.மீ. அகலத்தில் மங்கிய சாம்பல் வளையம், எங்கும் அறுபடாமல் இருக்க வேண்டும். ஹெட்டைக் கவிழ்த்து அறைக்குள் மண்ணெண்ணெயை ஊற்றி, வாயு போய்வரும் துளையான போர்ட் வழியாக ஒழுகுகிறதா என்று கவனிப்பது அடுத்த சோதனை. புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வின் சூட்டில் பெரும்பகுதி இந்த மெல்லிய வளையம் வழியாகத்தான் ஹெட்டுக்கு இறங்குகிறது. வளையம் ஓரிடத்தில் அறுந்தால் அங்கே வால்வு எரிந்துபோகும்.

ஹெட்டின் அடிப்பக்கத்தைச் சீவி ஃபேஸிங் செய்தால் கம்ப்ரஷன், அதாவது வாயு எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்ற விகிதம், கூடும் என்பது எல்லாருக்கும் தெரியும். அரை மி.மீ. எடுத்தால் எரிஅறை சுமார் ஒன்றரை சிசி சுருங்கி, 8.7 என்ற விகிதம் 9ஐத் தொடும். அதே வெட்டு, வால்வுகளைத் திறக்கும் காம் ஷாஃப்டையும் அரை மி.மீ. கீழே இறக்குவதால், அதைக் கிராங்க்கோடு இணைக்கும் டைமிங் பெல்ட் வழியாக வால்வு திறக்கும் நேரம் கொஞ்சம் பின்தங்கும், இதை மறந்துவிடுகிறார்கள். போர்ட்டைக் கண்ணாடியாகப் பாலிஷ் போடுவது என்னைக் கேட்டால் பாதி அலங்காரம். வாயுக் குழாயான மேனிஃபோல்டும் ஹெட்டும் சேரும் இடத்தில் படி இல்லாமல் செய்தாலே போதும்.

வீட்டு வண்டிகளில் அதிகம் விட்டுப்போவது ஆயில் சம்ப், எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி. வளைவில் பக்கவாட்டு விசை புவியீர்ப்புக்குச் சமமானால் ஆயிலின் மட்டம் 45 டிகிரி சாயும். உறிஞ்சுகுழாய் காற்றைக் குடிக்கும், பேரிங் போய்விடும். சம்ப்புக்குள் தகட்டுத் தடுப்புகள் பற்றவைத்தால் தீரும்.

எல்லாம் மாட்டியபின் எஞ்சினை வெறுமனே ஐட்லிங்கில் விட்டு வைக்கக் கூடாது. பாரம் கொடுத்து, விட்டு, மறுபடி கொடுத்து ஓட்டினால்தான் வாயு அழுத்தத்தில் ரிங் சுவரில் படியும். முதல் ஓட்டம் முடிந்ததும் ஆயிலை வெள்ளைத் தட்டில் வடித்து வெயிலில் பார்ப்பார்கள். மெல்லிய கருப்புத் தூள் ரிங் படிந்த அடையாளம், பரவாயில்லை. செதில் செதிலாக மினுங்கினால் பேரிங் தேய்கிறது; சம்ப்பை மறுபடி கழற்ற வேண்டியதுதான்.