இரண்டே விடை இருந்தால் ஈருறுப்புப் பரவலா?

‘பழுது, பழுதில்லை’, ‘குணமானது, ஆகவில்லை’ என்று இரண்டே விடை உள்ள தரவைக் கண்டதும் பலரும் யோசிக்காமல் ஈருறுப்புப் பரவலில் (இத்தனை முயற்சிகளில் எத்தனை வெற்றி வரும் என்பதன் வாய்ப்பைச் சொல்லும் binomial பரவல்) கணக்குப் போட்டுவிடுகிறார்கள். ஆலோசனைக்கு வரும் ஆய்வுகளில் அடிக்கடி பார்க்கிறேன். இரண்டு விடை என்பது நான்கு நிபந்தனைகளில் ஒன்றுதான். முயற்சிகளின் எண்ணிக்கை முன்பே முடிவாகியிருக்க வேண்டும், வெற்றி வாய்ப்பு மாறக் கூடாது, ஒன்றின் முடிவு இன்னொன்றைப் பாதிக்கக் கூடாது. கடைசி இரண்டையும்தான் யாரும் சரிபார்ப்பதில்லை.

எண்ணிக்கை விஷயம் சுலபம். 10 பேரை அழைத்து எத்தனை பேர் சம்மதித்தார்கள் என்று பார்த்தால் ஈருறுப்பு. 3 பேர் சம்மதிக்கும்வரை அழைத்துக்கொண்டே இருந்தால் எதிர்மறை ஈருறுப்பு. ஒரு மணி நேரத்தில் எத்தனை அழைப்பு வந்தது என்றால், அங்கே முயற்சி என்று எண்ணவே எதுவும் இல்லை. ஒரு கால அளவில் நடக்கும் நிகழ்வுகளை எண்ணும் பாய்சான் பரவல் பக்கம் போக வேண்டியதுதான்.

அப்புறம் மாறாத வாய்ப்பு. பெட்டியில் 20 பொருள், அதில் 4 பழுது. 5 பொருளை எடுத்துப் பார்க்கிறோம், திருப்பி வைப்பதில்லை. ஐந்தும் நல்லதாக இருக்க ஈருறுப்பு தரும் விடை, 0.8-இன் ஐந்தாம் படி: 0.328. ஆனால் ஒவ்வொரு நல்ல பொருள் வெளியே வரும்போதும் மிச்சத்தில் பழுதின் பங்கு கூடுகிறது. 16/20, 15/19, 14/18, 13/17, 12/16 என்று பெருக்கினால் 0.282தான். இதே விகிதத்தில் 2,000 பொருள் இருந்தால் விடை 0.327, வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. அதனால்தான் எடுக்கும் மாதிரி மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் ஈருறுப்பே போதும் என்று விட்டுவிடுகிறோம்.

பெரிய சேதம் சார்பின்மையில்தான். 10 மருத்துவமனைகளில் தலா 20 நோயாளிகள் என்றால் 200 சார்பற்ற முயற்சிகள் ஆகிவிடாது. ஒரே மருத்துவர்கள், ஒரே சிகிச்சை முறை. ஒரே இடத்து முடிவுகள் ஒன்றுபோல் சாயும். அவற்றுக்கிடையே ஒட்டுறவு (எவ்வளவு ஒன்றுபோல் சாய்கின்றன என்பதன் அளவு) வெறும் 0.05 என்று வையுங்கள். பரவற்படி, அதாவது முடிவுகளின் சிதறலை அளக்கும் எண், ஈருறுப்பு சொல்வதைப்போல் 1 + (20 − 1) × 0.05, அதாவது 1.95 மடங்கு ஆகிவிடும். 200 பேரின் தரவு ஏறக்குறைய 103 பேருக்குச் சமம். ஈருறுப்பு சொல்லும் நம்பிக்கை இடைவெளியோ (உண்மை மதிப்பு இருக்கும் என்று நாம் மதிப்பிடும் எல்லை) 200 பேர் என்றே நம்பிக் குறுகி நிற்கும்.

நிபந்தனைகள் எல்லாம் பொருந்தினாலும் வாய்ப்பின் மதிப்பை ஊகித்துக்கொள்ளக் கூடாது. ஆங்கில உயிரியலாளர் வெல்டன் 12 பகடைகளை 26,306 முறை உருட்டிய முடிவுகள் 1894-ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றில் இருக்கின்றன. 5 அல்லது 6 விழுவதற்கு மூன்றில் ஒன்று எதிர்பார்க்க வேண்டும், கிடைத்ததோ 0.3377. பகடையே கொஞ்சம் சாய்வு!

என் வழக்கம் இதுதான்: குழுவாரியாக வெற்றிகளை எண்ணி, அந்த எண்ணிக்கைகளின் பரவற்படியை ஈருறுப்பு எதிர்பார்க்கும் பரவற்படியோடு ஒப்பிடுவேன். தெளிவாகக் கூடியிருந்தால் குழுவுக்குக் குழு வாய்ப்பு மாறலாம் என்று கொள்ளும் பீட்டா-ஈருறுப்புக்கு மாறிவிடுவேன்.